மிரர் போட்டிருந்தும் சர்வர் ஏன் பூட் ஆகவில்லை?

உங்கள் அலுவலக சர்வரில் 4 டிபி டிஸ்க் இரண்டைப் போட்டு, உபுண்டு 22.04-இல் சாஃப்ட்வேர் ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர்) வைத்திருக்கிறீர்கள். மின்சாரம் போய் வந்தபின் ஒரு டிஸ்க் செத்துவிட்டது, சர்வரும் பூட் ஆகவில்லை, திரை கறுப்பாக நிற்கிறது. "இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவுதானே இருக்கிறது, மற்றதிலிருந்து ஓட வேண்டாமா? புது டிஸ்க் வாங்கி மாட்டினால் தானாகச் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்கத் தயங்கிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கணக்கெல்லாம் போய்விட்டதா? அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் போகவில்லை. நான் பார்த்த இத்தகைய கேஸ்களில் தரவு அப்படியே இருக்கும், அதை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கும். புது டிஸ்க்கை மாட்டுவதால் மட்டும் அந்த வழி திறக்காது. அவசரத்தில் செய்யும் இரண்டு மூன்று காரியங்கள்தான் பத்திரமாக இருக்கும் தரவை உண்மையிலேயே அழிக்கின்றன.

ஆகவே இப்போதைக்கு சர்வரை அணைத்து வையுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம். அதே டிஸ்க்கில் உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். யாராவது "ஒருமுறை எஃப்எஸ்சிகே (கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டிப் பார்க்கலாம்" என்றால், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கருவியான எம்டிஏடிஎம்மில் "கிரியேட்" என்று ஒரு கட்டளை உண்டு. இணையத்தில் பலர் அதை வைத்து ரெய்டை "மறுபடி உருவாக்கி" மீட்டதாக எழுதியிருப்பார்கள். அது டிஸ்க்கின் மேல் புது சூப்பர்பிளாக் (ரெய்டின் அமைப்பைக் குறித்து வைக்கும் பகுதி) எழுதும். பழைய அமைப்பு என்ன என்று தெரியாமல் அதை அடித்தால், தரவு தொடங்கும் இடமே நகர்ந்துபோகலாம். உங்களுக்குத் தேவை, ஏற்கெனவே இருக்கும் ரெய்டை அப்படியே எழுப்பும் "அசெம்பிள்" மட்டும்தான்.

இனி, ஏன் பூட் ஆகவில்லை என்பதற்கு வருகிறேன். சாஃப்ட்வேர் ரெய்டு என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் செய்யும் வேலை. கெர்னல் எழுந்து நின்ற பிறகுதான் மிரர் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் மதர்போர்டில் உள்ள, ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலான ஃபர்ம்வேருக்கு இரண்டு தனித்தனி டிஸ்க்குகள்தான் தெரியும், இவை ஜோடி என்பது தெரியாது. பழைய பயாஸ் முறை என்றால் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் பூட் நிரலுக்குக் கிடைக்கும் இடம் 446 பைட். அது, லினக்ஸை எழுப்பும் நிரலான கிரப்பின் அடுத்த துண்டைத் தேடிப் போகும், அந்தத் துண்டும் பார்ட்டிஷன்களுக்கு வெளியேதான் கிடக்கும், அல்லது ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் பட்டியல் முறை) டிஸ்க் என்றால் அதற்கென்று ஒதுக்கிய சின்ன பார்ட்டிஷனில் இருக்கும். புதிய யூஇஎஃப்ஐ முறை என்றால் எஃப்ஏடி வடிவத்தில் உள்ள, பூட்டுக்கென்றே ஒதுக்கிய ஈஎஸ்பி பார்ட்டிஷனில் கிரப் கோப்பாக உட்கார்ந்திருக்கும். எந்த டிஸ்க்கின் ஈஎஸ்பி என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில், அந்த பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணோடு பதிவாகியிருக்கும். எந்த முறையானாலும் இந்தப் பகுதிகள் வழக்கமாக மிரருக்குள் வருவதில்லை. முதல் டிஸ்க்கில் மட்டும் கிரப் போட்டு, இரண்டாவதில் போட மறந்திருந்தால், மிரர் எத்தனை வருடம் ஒழுங்காக ஓடினாலும் அந்தக் குறை வெளியே தெரியாது. முதல் டிஸ்க் சாகும் நாளில்தான் தெரியவரும்.

ஆனால் உங்கள் சர்வர் நிற்பது அதே இடத்தில்தானா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், "திரை கறுப்பாக நிற்கிறது" என்பதை வைத்து என்னால் சொல்ல முடியாது. செத்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரே ஒருமுறை ஆன் செய்து, திரையில் வரும் கடைசி வரிகளைக் கைபேசியில் படம் எடுங்கள். (இதைச் செய்வதற்கு முன் கீழே சொல்லும் பழைய நகல் விஷயத்தைப் படித்துவிடுங்கள்.) பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று மதர்போர்டே சொன்னால், உயிரோடு இருக்கும் டிஸ்க்கில் கிரப் இல்லை, அல்லது ஃபர்ம்வேருக்கு அதைத் தேடத் தெரியவில்லை. "கிரப் ரெஸ்க்யூ" என்று ஒரு வரி வந்து நின்றால், கிரப்பின் தலை கிடைத்துவிட்டது, உடல் கிடைக்கவில்லை. கிரப்பையும் தாண்டி, கெர்னல் ஓடி, ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு "எமர்ஜென்சி மோட்" என்று வந்தால், நிம்மதியாக மூச்சு விடலாம். மூன்றில் அதுதான் எளிது.

உங்கள் உபுண்டு பதிப்பைப் பார்த்தால் எனக்கு அந்த மூன்றாவதன் மேல்தான் சந்தேகம். இன்ஸ்டால் செய்யும்போது இரண்டாவது டிஸ்க்கையும் பூட் டிஸ்க்காகச் சேர்க்கும் வசதி அதில் உண்டு. அதைச் செய்திருந்தால் இரண்டு டிஸ்க்கிலும் கிரப் இருக்கும். ஆனால் எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஈஎஸ்பிக்கான வரி ஒன்றே ஒன்றுதான், அதுவும் முதல் டிஸ்க்கின் யூயூஐடியோடு (தனி அடையாள எண்) எழுதப்பட்டிருக்கும். அந்த டிஸ்க்கே இல்லாதபோது, பூட்டை நடத்தும் நிரலான சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால், "சொன்ன பார்ட்டிஷன் வரவில்லை" என்று மொத்த பூட்டையும் நிறுத்திவிடும். ஈஎஸ்பி இல்லாமல் சர்வர் தாராளமாக ஓடும், அது பூட் ஆவதற்கு மட்டும் தேவைப்படுவது. இருந்தும் அந்த ஒரு வரிக்காக எல்லாம் நின்றுவிடும். அந்த வரியில் "நோஃபெயில்" என்ற சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. ஸ்வாப் பார்ட்டிஷனை (ரேம் போதாதபோது உதவும் இடம்) மிரருக்கு வெளியே, செத்த டிஸ்க்கில் வைத்திருந்தாலும் அதே காத்திருப்பு வரும், ஆனால் அதற்காக மட்டும் பூட் நின்றுவிடாது.

இன்னொரு வகையும் உண்டு. முழுசாகச் சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் செத்த டிஸ்க்கைவிடத் தொல்லை. ஃபர்ம்வேர் அதைக் கேட்கும், அது பதில் சொல்வதுபோல் ஆரம்பித்து நின்றுவிடும், திரை அப்படியே உறைந்திருக்கும். அந்த ஒரு டிஸ்க்கைக் கழற்றியதும் சர்வர் ஒன்றுமே நடக்காததுபோல் பூட் ஆனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதைக் கழற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒன்றைக் கழற்றினால் மற்றது அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் நம்பர் இருக்கும், அதைப் பேப்பரில் எழுதி, எந்தக் கேபிளில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அசட்டு வேலையாகத் தோன்றும். ஆனால் நல்ல டிஸ்க்கைக் கழற்றி வாரன்டிக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பழைய நகல் விஷயம். இதை எழுதத்தான் இந்தப் பதிலையே ஆரம்பித்தேன். சில வருடம் முன்பு ஒரு மொத்த வியாபார அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். உங்களைப் போலவே மிரர், ஒரு டிஸ்க் போய்விட்டது. ஆனால் அங்கே சர்வர் பூட் ஆகிவிட்டது, பில்லிங்கும் திறந்தது. ஒரே ஒரு சிக்கல், கடைசி பில் சித்திரை மாதத்தோடு நின்றிருந்தது. நாங்கள் நின்றிருந்தது ஆயுத பூஜை வாரத்தில். யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஆளுக்காள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்தது இதுதான்: சித்திரையில் கேபிள் தளர்ந்து ஒரு டிஸ்க் மிரரிலிருந்து விழுந்துவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் எங்கும் போகவில்லை, ஆறு மாதம் ஒற்றை டிஸ்க்கில் ஓடியது. பிறகு ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் செத்தது. விழுந்து கிடந்த டிஸ்க் மறுபடி ஆன் செய்ததில் கண்ணில் பட்டு, ஆறு மாதம் பழைய நிலையோடு எழுந்து நின்றுவிட்டது. அதன் சூப்பர்பிளாக்கைப் பொறுத்தவரை ஜோடி அன்றுவரை நன்றாகத்தான் இருந்தது, அது விழுந்த செய்தி அதற்கே தெரியாது. அதற்குள் கணக்கர் இரண்டு நாள் பில் போட்டுவிட்டார். ஆக, சித்திரை வரை ஒத்துப்போய் அதற்குப்பின் இரண்டாகப் பிரிந்த இரண்டு உண்மைகள். செத்ததாக நினைத்த டிஸ்க்கிலிருந்து பிறகு தரவை எடுக்க முடிந்தது, இரண்டு நாள் பில்லைக் கையால் மறுபடி போட்டார்கள். தப்பித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் உயிரோடு இருக்கும் டிஸ்க்கிலிருந்து சர்வரை ஓடவிடும் முன், எந்த டிஸ்க் புதியது என்று பாருங்கள். லினக்ஸ் மீட்புப் பென் டிரைவ் ஒன்றிலிருந்து பூட் செய்யுங்கள். உபுண்டு இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவே போதும். எம்டிஏடிஎம்மின் "எக்ஸாமின்" கட்டளையை ஒவ்வொரு டிஸ்க்கின் ரெய்டு பார்ட்டிஷன் மேலும் ஓட்டுங்கள், அது படிக்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது. "அப்டேட் டைம்", "ஈவென்ட்ஸ்" என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். கடைசியாக எழுதப்பட்ட நேரம் சர்வர் நின்ற நாளோடு பொருந்தினால் சரி. மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தால் அந்த டிஸ்க்கைத் தொடாதீர்கள், செத்ததாக நினைக்கும் டிஸ்க்தான் உங்கள் புதையல், அதை முதலில் காப்பாற்ற வேண்டும். இரண்டு டிஸ்க்கும் பதில் சொன்னால் ஈவென்ட் எண் பெரிதாக இருப்பதுதான் புதியது.

அதே நேரத்தில் உயிரோடு இருக்கும் டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலையும் (தன் நலத்தைப் பற்றி டிஸ்க் தானே வைத்திருக்கும் கணக்கு) எடுங்கள். 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளில் பூஜ்யம் இருந்தால் நல்லது. 197-இல் எண் ஏறியிருந்தால் அதிலும் படிக்க முடியாத இடங்கள் சேர ஆரம்பித்திருக்கின்றன. இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில், ஒரே அளவு உழைத்தவை. ஒன்று போனால் மற்றதும் கிழடுதான் என்று எடுத்துக்கொள்வேன். சந்தேகம் இருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவியான டிடிரெஸ்க்யூ கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்துவிடுங்கள். அது படிக்க வருவதை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துக்கொள்ளும் மேப் கோப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் டக் டக்கென்று அடிக்கிறது, அல்லது சுழலவே இல்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தூசில்லா அறையில் பிரித்து மீட்பவர்களின் வேலை, என் வேலையும் அல்ல.

நகல் எடுத்தாயிற்று, அல்லது டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெய்டை ரீட்-ஒன்லியாக, ஒற்றை டிஸ்க்கோடு அசெம்பிள் செய்யுங்கள். ஜோடி குறைந்திருப்பதால் "ரன்" என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். பென் டிரைவ் லினக்ஸ் தானாகவே அதை எம்டி127 என்ற பெயரில் எழுப்பி வைத்திருந்தாலும் பயப்பட வேண்டாம், பெயர்தான் மாறியிருக்கிறது. ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யும்போது (கோப்புகளைப் பார்க்க இணைக்கும்போது) ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பு "முடியாது" என்று சண்டித்தனம் செய்யலாம், சர்வர் திடீரென்று நின்றதால் பாக்கியிருக்கும் ஜர்னலை (எழுதவிருந்த மாற்றங்களின் குறிப்பு) எழுதி முடிக்கப் பார்க்கும். "நோலோட்" என்று சேர்த்தால் வழிக்கு வரும். ரெய்டில் சேர்ந்த பார்ட்டிஷனை ரெய்டு இல்லாமல் நேராக மவுண்ட் செய்யும் குறுக்குவழி வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டு மிரர் கோணலாகிவிடும். கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, வேறு கணினியில் திறந்து, கடைசி நாள் பதிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு அடுத்த வேலைக்கு வாருங்கள். இதுவரை நீங்கள் எதையும் மாற்றவில்லை, இனிதான் மாற்றப் போகிறீர்கள்.

பூட் வழியைச் சரிசெய்வது நேரான வேலை. ரெய்டை இப்போது எழுதும்படி அசெம்பிள் செய்து, மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் உள்ளே இணைத்து, சிஎச்ரூட் மூலம் பழைய அமைப்புக்குள் நுழையுங்கள். எஃப்எஸ்டேப்பில் ஈஎஸ்பி வரியை உயிரோடு இருக்கும் டிஸ்க்கின் யூயூஐடிக்கு மாற்றி "நோஃபெயில்" சேருங்கள், அந்த ஈஎஸ்பியை மவுண்ட் செய்யுங்கள், கிரப்பை அந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யுங்கள், பூட்டின் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: சர்வர் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரப்பால் மதர்போர்டின் நினைவகத்தில் பதிவு செய்ய முடியாது. அந்தப் பதிவை நம்பமுடியாத மதர்போர்டுகளும் உண்டு, அதனால் ஈஎஸ்பியில் ஈஎஃப்ஐ, பூட் என்ற ஃபோல்டர்களுக்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரிலும் ஒரு பிரதி இருக்கட்டும், பதிவு தொலைந்தால் ஃபர்ம்வேர் தேடும் இடம் அது. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நான் தராததற்குக் காரணம் உண்டு. உங்கள் டிஸ்க் பெயர் எனக்குத் தெரியாது, இந்த மாதிரி நேரத்தில் அடுத்தவர் கட்டளையை ஒட்டி என்டர் தட்டுவதுதான் நான் பார்த்த விபத்துகளில் பாதி.

புது டிஸ்க்கை மாட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான். நல்ல டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலைப் புதியதற்கு நகல் எடுக்க எஸ்ஜிடிஸ்க் என்ற கருவி இருக்கிறது. அதன் "ஆர்" விருப்பத்தில் முதலில் வருவது நகல் பெறும் புது டிஸ்க், பிறகுதான் மூலம். மாற்றிப் போட்டால் காலியான பட்டியல் நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். நகல் எடுத்ததும் அதே கருவியில் "ஜி" கொடுத்து அடையாள எண்களைப் புதிதாக்குங்கள், இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே எண் இருந்தால் ஃபர்ம்வேர் குழம்பும். பிறகு எம்டிஏடிஎம் "ஆட்". சராசரியாக விநாடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 4 டிபி நிரம்ப ஏழரை மணி நேரம் பிடிக்கும், சர்வரில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். யூபிஎஸ் சரியாக இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். ரெய்டு சேர்ந்துகொண்டிருக்கும்போதே புது டிஸ்க்கின் ஈஎஸ்பியை எஃப்ஏடியாக ஃபார்மட் செய்து கிரப்பையும் போட்டுவிடலாம். அதை விட்டுவிட்டால் அடுத்த முறை இதே பக்கத்துக்குத் திரும்பி வருவீர்கள்.

உங்கள் சர்வரில் தனி ரெய்டு கார்டு இருந்து, நீங்கள் அதைச் சாஃப்ட்வேர் ரெய்டு என்று நினைத்திருந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. கார்டு இருந்தால் ஃபர்ம்வேருக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும், கிரப் சிக்கல் வராது. அங்கே கார்டின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். "ஃபாரின்" என்று காட்டினால் "இம்போர்ட்" என்பதுதான் வழி. "கிளியர்" என்பதை அழுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் திரையைப் படம் எடுத்துவிட்டு அப்படியே வெளியே வாருங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதும் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. மின்வெட்டுக்குப் பிறகு என்கிறீர்கள். சாட்டா கேபிள், பவர் கனெக்டர், எஸ்எம்பிஎஸ் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும். வேறு கணினியில், வேறு கேபிளில் மாட்டி ஸ்மார்ட் தகவலை மட்டும் பாருங்கள். அங்கே அது ஒழுங்காகப் பேசினால் வாரன்டிக்கு அனுப்பும் முன் யோசியுங்கள்.

எல்லாம் முடிந்தபின் எம்டிஏடிஎம்மின் அமைப்புக் கோப்பில் நீங்கள் உண்மையில் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, சோதனை மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றி ஆன் செய்யுங்கள். எழுந்தால் அணைத்து, திரும்ப மாட்டி, ரெய்டில் சேர்த்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை காத்திருங்கள். ரெய்டில் பிட்மேப் இருந்தால் மாறிய இடங்களை மட்டும் எழுதும், பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது முடிந்தபிறகே மற்ற டிஸ்க்கைக் கழற்றிச் சோதியுங்கள். நடுவில் காத்திருக்காமல் மாற்றிக் கழற்றினால், அந்த வியாபார அலுவலகத்தில் ஆறு மாதத்தில் நடந்ததை நீங்கள் பத்து நிமிடத்தில் செய்துவிடுவீர்கள்.